கை கழுவிய தண்ணீர்

என் தகப்பனார் கோயம்புத்தூரில் ராஜ வீதிக்குப் பின்புறம் ஒரு சந்தில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நகைப் பட்டறை வைத்திருந்தார். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. அதில் நான்கு பேர் உட்கார்ந்து வேலை செய்வார்கள். வாசலுக்கு உட்புறம் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கும். சாப்பிடப் போகிறவர், வீட்டுக்குக் கிளம்புகிறவர் என எவராக இருந்தாலும் அந்தத் தொட்டியில் கையைக் கழுவிவிட்டுத்தான் படியிறங்க வேண்டும். எனக்கு ஏழு வயதாக இருந்தபோது ஒரு நாள், தொட்டியில் தண்ணீர் கலங்கிக் கிடக்கிறதே என்று நல்லெண்ணத்தில் இரண்டு வாளி முகந்து சாக்கடையில் ஊற்றிவிட்டேன். அப்பா என்னைத் திட்டவில்லை. வாளியை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "அம்மிணி, அந்தத் தண்ணியில நம்மளோட ஒரு நாள் கூலி இருக்குது" என்றார். அவர் சொன்னதன் முழுப் பொருள் எனக்குப் புரிய இருபது ஆண்டுகள் ஆயின.

தங்கத்தை அரத்தால் ராவும்போது எழும் தூள் கண்ணுக்குத் தெரியும் அளவிலும் இருக்கும், தெரியாத அளவிலும் இருக்கும். தெரிகின்ற தூளை மடித்துணியிலிருந்தும் பலகையிலிருந்தும் தூரிகையால் கூட்டி எடுத்துவிடலாம். தெரியாத தூள் விரல் ரேகைக்குள்ளும், நகக்கண்ணிலும், தலைமுடியிலும், கோணியின் இழைகளுக்கு நடுவிலும், தரைக்கல்லின் இடுக்கிலும் போய் ஒளிந்துகொள்ளும். ஆகையால் எங்கள் பட்டறையில் எதையும் குப்பை என்று சொல்லும் வழக்கமே கிடையாது. தேய்ந்துபோன உப்புத்தாள், தங்கம் உருக்கும் மூசையின் உடைந்த துண்டு, அடுப்புச் சாம்பல், கிழிந்த மடித்துணி, தொட்டியின் அடியில் தங்கிய சேறு ஆகிய எல்லாம் ஒரு சாக்குக்குள் போகும். ஆயுத பூஜைக்கு முன்பாக மண் வாங்குகிறவர் வருவார். சாக்கிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளித் தன் மரத்தட்டில் போட்டு, தண்ணீர் விட்டுச் சுழற்றிப் பார்த்து, ஒரு விலை சொல்வார். அந்தத் தொகை எங்கள் வீட்டில் தீபாவளித் துணிக்கானது. வாடிக்கையாளரிடம் சேதாரம் என்று கணக்கிட்டு வாங்கிக்கொண்ட தங்கம், உண்மையில் சேதமாகிவிடாமல் மண்ணுக்குள் பத்திரமாக இருந்ததற்கு அந்தத் தொகையே சாட்சி.

மண் வாங்கியவர் அதை என்ன செய்வார் என்பதை நான் வளர்ந்தபிறகு ஒருமுறை உடனிருந்து பார்த்தேன். சாக்கிலுள்ளதை எரித்துச் சாம்பலாக்கி, இடித்து, சலித்து, தண்ணீரில் கழுவுகிறார்கள். தங்கம் தண்ணீரைப்போல் 19 மடங்கு எடை கொண்டது, மணலோ இரண்டரை மடங்குக்குச் சற்று மேல். ஆகவே சுழற்றச் சுழற்ற மணல் வெளியேறி, தங்கம் அடியில் நின்றுகொள்ளும். மிச்சத்தைப் பாதரசம் பிடித்துக்கொள்ளும். பாதரசத்தைச் சூடாக்கிப் போக்கியபின் நைட்ரிக் அமிலத்தில் இட்டால் வெள்ளியும் செம்பும் கரைந்துவிட, தங்கம் மட்டும் பழுப்பு நிறத் தூளாக அடியில் கிடக்கும். கரைந்துபோன வெள்ளியையும் விட்டுவிடுவதில்லை. அந்த அமிலத்தில் ஒரு செப்புத் தகட்டை நிறுத்தினால் சற்று நேரத்தில் வெள்ளி சாம்பல் நிறப் பஞ்சுபோலத் தகட்டின் மேல் படிந்து உதிரும். படிக்காத மனிதர் என்று ஊர் சொன்ன அவருடைய முற்றத்தில் ஒரு வேதியியல் ஆய்வுக்கூடமே நடந்துகொண்டிருந்தது. அவருடைய விரல்கள் கறுத்திருந்தன. வெள்ளி கரைந்த அமிலம் தோலில் பட்டால் அந்தக் கறுப்பு எளிதில் போவதில்லை. முற்றத்தில் எழுந்த புகையில் நான் ஐந்து நிமிடம்கூட நிற்க முடியவில்லை. அவர் முப்பது ஆண்டுகள் நின்றிருக்கிறார்.

சாக்கடையில் நான் ஊற்றிய தண்ணீருக்கும் ஆள் இருந்தார்கள். விடிவதற்கு முன்பே பட்டறைச் சந்துகளைக் கூட்டி, சாக்கடை மண்ணை வாரி, அதைக் கழுவிப் பிழைக்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு. ஒரு நகரம் தன்னையறியாமல் சிந்தியதைத் திருப்பி எடுத்துத் தருகிறவர்கள் அவர்கள். அவர்களுக்குக் கையுறையாவது கிடைக்கிறதா என்று எவரும் கேட்டதில்லை.

பழைய நகையை உருக்கிப் புது நகை செய்வது நம் வீடுகளில் இயல்பாக நடப்பது என்பதால், அதற்கு மறுசுழற்சி என்று ஒரு பெயர் இருப்பதே பலருக்குத் தோன்றுவதில்லை. என் அம்மாவின் அம்மா கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். தோள் தொடும் காதில் பாம்படம் அணிந்திருந்தவர். தங்கத் தகட்டுக்குள் அரக்கு நிரப்பி, கோணமும் உருண்டையுமாகப் பொருத்திச் செய்த நகை அது. அவர் மறைந்தபின் பேத்திகளின் திருமணத்துக்காக அதை உருக்கும் வேலை அப்பாவிடம் வந்தது. உருக்குவதற்கு முன் அதை ஒரு வெள்ளைத்தாளில் வைத்து, நான்கு பக்கமும் திருப்பித் திருப்பிப் பென்சிலால் ஓரம் வரைந்துகொண்டார். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. எந்தக் கையின் வேலை என்று தெரியாத அந்த நகை அரை மணி நேரத்தில் மூசைக்குள் ஒரு துளியாகச் சுருண்டு நின்றது. தங்கம் ஒரு குன்றிமணியளவும் குறையவில்லை. ஆனால் அந்த வேலைப்பாட்டை மீட்டுத் தரும் மூசை எங்கும் இல்லை. மறுசுழற்சியை முழுமனதோடு ஆதரிக்கிற நான், உருக்குவதற்கு முன் ஒரு முறை நின்று பார்க்க வேண்டும் என்பதையும் அதே அழுத்தத்துடன் சொல்வேன்.

பழைய நகைக்கு மாற்று, அதாவது தங்கத்தின் சுத்தம், குறைவது ஏன் என்று கேட்பவர்களுக்கும் இங்கே ஒரு விளக்கம் தரலாம். இரண்டு துண்டுகளை இணைக்கப் பொடி வைத்து ஊதுவார்கள். அந்தப் பொடியில் தங்கத்தோடு வெள்ளியும் செம்பும் கலந்திருக்கும். தங்கத்தைவிடக் குறைந்த சூட்டில் அது உருகினால்தான் துண்டுகள் பற்றும். நகையை உருக்கும்போது பொடியும் சேர்ந்து உருகி மொத்த மாற்றையும் இறக்கிவிடும். இந்தக் குறையைப் போக்கவே காட்மியம் கலந்த கேடிஎம் பொடி வந்தது. அதிலிருந்த காட்மியம் சூட்டில் ஆவியாகிப் போய்விடுவதால் மாற்றுக் குறையவில்லை. ஆனால் அந்த ஆவி ஊதுகிறவர் நெஞ்சுக்குள் போய் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுத்தது. வாங்குகிறவருக்கு நன்மையும் செய்கிறவருக்குத் தீமையுமாக அமைந்த அந்த ஏற்பாட்டின் விலையை எங்கள் சந்தில் இரண்டு வீடுகள் கொடுத்திருக்கின்றன.

உலகத் தங்கக் கவுன்சிலின் கணக்குப்படி மனிதர்கள் 2024 இறுதி வரை பூமியிலிருந்து எடுத்த தங்கம் ஏறத்தாழ 2,16,000 டன். எல்லாவற்றையும் ஒரே கட்டியாக வார்த்தால் பக்கத்துக்கு இருபத்திரண்டரை மீட்டர் கொண்ட ஒரு கனசதுரத்துக்குள் அடங்கிவிடும். துருப்பிடிக்காமல், கரையாமல், அதில் பெரும்பகுதி இன்றும் எவர் கையிலோ இருக்கிறது. சந்தைக்கு ஆண்டுதோறும் வரும் தங்கத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு ஏற்கெனவே புழங்கிய தங்கம்தான். வெள்ளியில் இந்தப் பங்கு சுமார் ஐந்தில் ஒன்று. வெள்ளி பின்தங்குவதற்குக் காரணம் அதன் விலை மட்டுமன்று. அது சென்று சேர்கின்ற இடங்கள் அப்படிப்பட்டவை.

வெள்ளியைக் கொலுசாகவும் குத்துவிளக்காகவும் அறிந்திருக்கிறோம். ஆனால் உலகம் வாங்கும் வெள்ளியில் பாதிக்கு மேல் இப்போது தொழிற்சாலைகளுக்குப் போகிறது. உலோகங்களில் மின்சாரத்தையும் வெப்பத்தையும் வெள்ளியைவிட நன்றாகக் கடத்துவது வேறொன்றும் இல்லை. ஆகவே மின்விசைப் பொத்தான்களின் தொடுமுனைகளிலும், சூரிய மின்பலகையின் மேல் ஓடும் மெல்லிய கோடுகளிலும், கைக்கடிகாரத்தின் பொத்தான் மின்கலத்திலும் அது இருக்கிறது. கிருமிகளைக் கொல்லும் என்பதால் தீக்காயத்துக்குத் தடவும் சில்வர் சல்பாடயசின் களிம்பில் இருக்கிறது. பழைய எக்ஸ்ரே படத்தில் எலும்பைச் சுற்றிக் கறுப்பாகத் தெரிவதும் வெள்ளிதான். காஞ்சிபுரம் பட்டின் ஜரிகையில் பட்டு நூலின் மேல் வெள்ளி இழையைச் சுற்றி அதற்கு மேல் தங்க முலாம் பூசியிருப்பார்கள். "பழைய பட்டுப் புடவை வாங்கறது" என்று கூவிக்கொண்டு தெருவில் வருகிறவர் ஜரிகையை லேசாக உரசி, உள்ளே சிவப்பு நூல் தெரிகிறதா என்று பார்ப்பதை என் தலைமுறையினர் எல்லோரும் கண்டிருப்பார்கள். அந்தப் புடவை எரிந்து வெள்ளியாகத் திரும்பும்.

திரைப்படச் சுருளிலும் வெள்ளி இருந்தது என்பதை இங்கே வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தியாவின் மௌனப் படங்களில் மிகப் பெரும்பாலானவை இன்று இல்லை. ஆர். நடராஜ முதலியார் எடுத்த, தென்னிந்தியாவின் முதல் கதைப் படமான 'கீசக வத'த்தின் ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. ஓடி முடித்த பல படங்களின் சுருள்களை அவற்றிலிருந்த வெள்ளிக்காகவே கழுவி விற்றிருக்கிறார்கள். ஒரு கைப்பிடி வெள்ளிக்காக ஒரு காலத்தின் முகங்களைக் கரைத்துவிட்டோம்.

தங்கம் செய்யும் வேலைகள் இன்னும் நுட்பமானவை. எந்தக் காற்றிலும் ஈரத்திலும் கறுக்காமல் இருப்பதால், ஒரு முறை தொடர்பு ஏற்பட்டால் பல ஆண்டுகள் அறுந்துபோகக் கூடாத இடங்களிலெல்லாம் தங்கத்தை வைக்கிறார்கள். கைபேசியின் சிம் அட்டையில் மஞ்சளாகத் தெரிவது தங்க முலாம். 2021 டிசம்பர் 25 அன்று விண்ணில் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் 18 அறுகோணக் கண்ணாடிகளுக்கும் தங்கம் பூசியிருக்கிறார்கள். அகச்சிவப்பு ஒளியை அது மிக நன்றாகப் பிரதிபலிக்கும். ஆறரை மீட்டர் அகலம் கொண்ட அந்தக் கண்ணாடி முழுவதற்கும் சேர்த்துப் பிடித்த தங்கம் சுமார் 48 கிராம். ஆறு பவுன் என்று அப்பாவிடம் சொன்னபோது அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்தத் தகடு தட்டுனவன் கையக் கும்பிடோணும்" என்றார். அது தட்டிய தகடு அன்று, ஆவியாக்கிப் படியவைத்தது என்று நான் விளக்கியும் அவர் தம் வணக்கத்தைத் திரும்பப் பெறவில்லை.

சிக்கல் இந்த மெல்லிய தன்மையில்தான் இருக்கிறது. ஒரு கைபேசியில் இருக்கும் தங்கம் ஏறத்தாழ 0.03 கிராம். ஒரு குன்றிமணியின் எடை 0.12 கிராம் அளவுக்கு வரும் என்பதால், நான்கு கைபேசிகள் சேர்ந்தால் ஒரு குன்றிமணித் தங்கம். ஒரு பவுன் சேர இருநூற்றைம்பது கைபேசிகளுக்கு மேல் வேண்டும். நகையை எவரும் குப்பையில் போடுவதில்லை. ஆனால் கால் குன்றிமணியை மேசை இழுப்பறையில் போட்டு மறந்துவிடுகிறோம். அப்பாவின் பட்டறையில் வளர்ந்த என் வீட்டு இழுப்பறையிலேயே ஐந்து பழைய கைபேசிகள் கிடந்தன. ஐக்கிய நாடுகள் அமைப்புகள் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 விழுக்காடு.

பெரிய அளவிலும் வெள்ளியைச் சிந்தாமல் கையாள முடியும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அது எதற்காக நடந்தது என்பதை நினைத்தால் மனம் நடுங்கும். 1942இல் அமெரிக்கா அணுகுண்டுக்கான யுரேனியத்தைப் பிரித்தெடுக்க டென்னசி மாநிலத்தின் ஓக் ரிட்ஜில் மாபெரும் மின்காந்தங்களை நிறுவத் திட்டமிட்டது. அவற்றுக்குச் சுற்ற வேண்டிய செம்புக்குப் போர்க்காலத்தில் தட்டுப்பாடு. ஆகவே வெஸ்ட் பாயின்ட் கருவூலத்திலிருந்து 13,000 டன்னுக்கும் மேற்பட்ட வெள்ளியைக் கடனாக வாங்கிக் கம்பிச் சுருளாக மாற்றினார்கள். அதைத் துளையிட்ட, அறுத்த இடங்களிலெல்லாம் தூளைச் சேகரித்தார்கள். வேலை முடிந்தபின் இயந்திரங்களைப் பிரித்துத் துடைத்தார்கள். அவற்றின் கீழிருந்த தரைப்பலகைகளைப் பெயர்த்து எரித்து அந்தச் சாம்பலிலிருந்தும் வெள்ளியை எடுத்தார்கள். கடைசித் தவணை 1970இல் கருவூலத்துக்குத் திரும்பியபோது கணக்கில் குறைந்த வெள்ளி பத்தாயிரத்தில் நான்கு பங்குகூட இல்லை. அந்தச் சுருள்கள் பிரித்த யுரேனியம் 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமா மீது விழுந்தது. அழிவுக்காக இவ்வளவு கண்ணும் கருத்துமாக இருக்க முடிந்த ஓர் உயிரினம், ஆக்கத்துக்காக அதே கவனத்தைக் காட்ட முடியாது என்று சொன்னால் நான் நம்பமாட்டேன்.

மறுசுழற்சி ஏன் வேண்டும் என்று கேட்கிறவர்களை நான் கோலார் தங்கவயலுக்கு அழைத்துப் போக விரும்புவேன். 2014இல் அங்கே போயிருந்தேன். வட ஆர்க்காட்டிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் சென்ற தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் சுரங்கத்துக்குள் இறங்கிய ஊர் அது. மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழத்தில், பாறையே சூடாக இருக்கும் இடத்தில், அவர்கள் தங்கம் வெட்டினார்கள். பாறை வெடிப்பில் இறந்தவர்களும், கல்தூள் நுரையீரலில் படிந்து இருமி இருமி இறந்தவர்களும் அங்கே ஏராளம். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. ஊரைச் சுற்றி இன்றும் நிற்பவை தங்கம் எடுத்த பின் கொட்டிய சயனைடு மேடுகள். மூன்று கோடி டன்னுக்கும் மேற்பட்ட சாம்பல் நிற மண். காற்றடித்தால் அந்தத் தூள் எழுந்து வீட்டுக்குள் வருகிறது என்று ஒரு பாட்டி தம் திண்ணையைத் துடைத்துக் காட்டினார். துணியில் ஒட்டிய தூளைப் பார்த்தபோது எங்கள் பட்டறைத் தூரிகை நினைவுக்கு வந்தது. இந்தத் தூளை வாங்க எவரும் வரமாட்டார்கள் என்றுதான் அன்று தோன்றியது.

நூற்றிருபது ஆண்டுகளில் அந்த வயல் முழுவதும் கொடுத்த தங்கம் சுமார் 800 டன். இந்தியா பல ஆண்டுகளில் ஓராண்டுக்கே 700 டன்னுக்கு மேல் தங்கம் இறக்குமதி செய்கிறது. அதில் பெரும்பகுதி எங்கோ ஒரு மலையையோ ஆற்றையோ தோண்டி வருவது. 2000 ஜனவரி 30 அன்று ருமேனியாவின் பாயா மாரேயில் ஒரு தங்க ஆலையின் தேக்கணை உடைந்து, சயனைடு கலந்த நீர் டிசா ஆற்றின் வழியாக டான்யூப் வரை போய் டன் கணக்கில் மீன்களைக் கொன்றது. சிறு அளவில் தங்கம் தோண்டுகிற ஏழைகள் பயன்படுத்தும் பாதரசம்தான், மனிதரால் காற்றில் கலக்கும் பாதரசத்தின் மிகப் பெரிய ஊற்று. மண் வாங்குகிறவரின் முற்றத்தில் நான் பார்த்த அதே பாதரசத் துளி, உலகெங்கும் பல லட்சம் மண்சட்டிகளில் உருண்டுகொண்டிருக்கிறது.

எனவே எடுத்ததைத் திரும்ப எடுப்பதே வழி. ஆனால் எப்படி எடுக்கிறோம் என்பதைப் பற்றிக் கவலைப்படாமல் அதைப் புகழ எனக்கு மனம் வரவில்லை. பித்தளைப் பாத்திரங்களுக்குப் பெயர்போன உத்தரப் பிரதேசத்தின் முராதாபாத்தில், மின்னணுப் பலகைகளைத் திறந்த வெளியில் எரித்து, ராம்கங்கை ஆற்றங்கரையில் கழுவி, உலோகம் எடுக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. ஈயமும் அமிலமும் அந்த ஆற்றில் கலக்கின்றன. அவர்களும் எங்கள் சந்தின் மண் கழுவுகிறவரின் உடன்பிறப்புகள்தாம். அவர்களை விரட்டிவிட்டுப் பெரிய ஆலை வைப்பது தீர்வாகாது. அவர்களுடைய கைத்திறனை வைத்துக்கொண்டு, பிரிப்பதும் தரம் பார்ப்பதும் அவர்கள் வேலையாகவும், எரிப்பதும் கரைப்பதும் மூடிய உலைகளின் வேலையாகவும் மாற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள் தயாரிப்பாளர்களைப் பொறுப்பேற்கச் சொல்கின்றன. சொல்லோடு நிற்காமல் அது தெருக்கோடி வரை வரவேண்டும்.

முறையாகச் செய்தால் என்ன ஆகும் என்பதை ஜப்பான் காட்டியது. டோக்கியோ ஒலிம்பிக், பாராலிம்பிக் பதக்கங்கள் அனைத்துக்கும் வேண்டிய உலோகத்தை மக்கள் கொடுத்த பழைய மின்னணுப் பொருள்களிலிருந்தே எடுப்பது என்று முடிவு செய்து, 2017 ஏப்ரல் முதல் 2019 மார்ச் வரை திரட்டினார்கள். ஏறக்குறைய 79,000 டன் சிறு கருவிகளும் 62 லட்சம் கைபேசிகளும் சேர்ந்தன. அவற்றிலிருந்து 32 கிலோ தங்கமும் 3,500 கிலோ வெள்ளியும் கிடைத்தன. தங்கம் மட்டும் எங்கள் கணக்கில் நாலாயிரம் பவுன். அந்த வெள்ளியில் செய்த ஒரு பதக்கம் சேலம் மாவட்டத்துக்கு வந்தது. உயரம் தாண்டுதலில் மாரியப்பன் தங்கவேலு வென்றது அது. தலைமுறைகளாக வெள்ளிக் கொலுசு செய்து நாடு முழுவதற்கும் அனுப்பிவரும் மண்ணுக்கு, யாரோ ஒரு ஜப்பானியர் கொடுத்த பழைய கைபேசியின் வெள்ளி இப்படி வந்து சேர்ந்தது.

இப்போது என் மனம் போய் நிற்பது கமுதியில். 2016இல் அங்கே அமைந்த 648 மெகாவாட் சூரிய மின் நிலையத்தில் 25 லட்சம் பலகைகள் உள்ளன. ஒரு பலகைக்குப் பத்து கிராம் வெள்ளி என்றே வைத்துக்கொண்டாலும் 25 டன். இந்தப் பலகைகளின் ஆயுள் பொதுவாக இருபத்தைந்து ஆண்டுகள். 2034-35 வரை சேரும் பழைய பலகைகளைப் பத்திரமாகச் சேமித்து வைக்குமாறு நம் விதிகள் கூறுகின்றன. சேமித்தவற்றைப் பிரிக்கும் ஆலைகளையும் அதற்கான கைகளையும் இப்போதே உருவாக்கத் தொடங்கினால்தான் அந்த வெள்ளி கண்ணாடித் தூளோடு பள்ளத்தில் புதையாமல் இருக்கும்.

இழுப்பறையில் கிடந்த ஐந்து கைபேசிகளையும் சென்ற மாதம் அரசு அனுமதி பெற்ற ஒரு சேகரிப்பு மையத்தில் கொடுத்து ரசீது வாங்கினேன். அப்பா அந்த ரசீதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தார். கண் மங்கிவிட்டதால் அவர் பட்டறையை மூடி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. மூடிய வாரத்தில், தரையிலிருந்த கடப்பைக் கற்களைப் பெயர்த்து, அடியிலிருந்த மண்ணை இரண்டு விரற்கடை ஆழத்துக்கு வழித்தெடுத்து, கடைசி முறையாகக் கழுவக் கொடுத்தார். நாற்பது ஆண்டுகளில் யார் யாருடைய தாலியிலிருந்தும் வளையலிலிருந்தும் சிந்தியதோ, மூன்றரை கிராம் வந்தது. அதில் அவரே உட்கார்ந்து செய்த தோட்டைப் போட்டுக்கொண்டுதான் என் மகள் பள்ளிக்குப் போய்வருகிறாள்.